வலது பக்க ஸ்பீக்கர்

இல்லீங்க, மேல வைக்க முடியாதுங்க. மடியிலயே இருக்கட்டும். உங்களுக்குக் காலு வைக்கத் தோதில்லைன்னா சொல்லுங்க, நான் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒதுங்கிக்கறேன். மேல வெச்சா பஸ்ஸு குலுங்கற குலுக்கல்ல உள்ள ஏதாவது கழண்டு போயிரும். மத்த நாளுன்னா பரவால்லீங்க. இன்னிக்கு ஒண்ணுகூடக் கழலக்கூடாது.

டிவி அல்லங்க, கம்ப்யூட்டரு. போர்வையில சுத்தியிருக்கறதுனால உங்களுக்கு அப்படித் தெரியுது. டிவியோட சேத்து மாட்டறதுக்குன்னே நானே உக்காந்து பாகம் பாகமாப் பூட்டுன கம்ப்யூட்டரு. காலுக்கடியில இருக்கற பையில ஆம்ப்ளிபயரும் ஒரு ஸ்பீக்கரும் இருக்குது. வயரு மட்டும் இங்க, சட்டைப் பையில. அத அந்தப் பையில போட எனக்கு மனசு வரலைங்க.

ஈரோட்டுக்குத்தான் போறமுங்க. வக்கீலம்மா ஆபீசுக்கு. மாப்ள ஊட்டாளுங்களும் அங்க வர்றாங்க. எம்புள்ளைய இன்னிக்கு அவங்ககூட அனுப்பறதா, நம்ம ஊட்லயே வெச்சுக்கறதான்னு பேசி முடிக்கோணும். அதா, டிரைவருக்குப் பின்னால ஜன்னலோரம், பச்சைச் சுடிதாரு, அதுதான் எம்புள்ள தாரணி. பக்கத்துல தலையில முக்காடு போட்டுக்கிட்டு இருக்கறது எங்கூட்டுக்காரி துளசிமணி. அவங்களுக்கு முன்னால எடம் கெடைச்சுது. நான் இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டேன்.

சத்தமாப் பேசறனா? புள்ளைக்குக் கேக்காதுங்க, டிரைவரு பாட்டுப் போட்டிருக்காரு. ஈபியில இருந்தவங்க நானு. கம்பத்து மேல நின்னுக்கிட்டு கீழ இருக்கறவனுக்கு உத்தரவு போட்டுப் போட்டு இப்படி ஆயிருச்சு. கோபி பக்கம் வந்து போர்மேன் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க. நான் மாட்டுன லைன் ஒண்ணுகூட மழைக்கு அறுந்ததில்ல. அப்பேர்ப்பட்ட ஆளப் பாத்து, கம்ப்யூட்டர்ல பொய்யி ஜோடிச்சவன்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு வார்த்தைதானுங்க நெஞ்சுல கெடந்து அறுக்குது.

மொதல்ல இருந்து சொல்றேன். போன வைகாசியில புள்ளைக்குக் கல்யாணம். மாப்ள பேரு சிவசங்கர். ஈரோட்ல சொந்த ஊடு, கம்பெனியில கைக்குக் கீழ நாலு பேர வெச்சு வேல வாங்கற உத்தியோகம். குணம்னா அப்படியொரு குணம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவனே நாந்தான். சத்தம் போட்டே பேச மாட்டாரு. பக்கத்துல போயி காதக் குடுத்தாத்தான் அவரு பேசறது கேக்கும். பொண்ணு பாக்க வந்துட்டுப் போன அன்னிக்கே துளசிமணி சொன்னா, இத்தன மெல்லமாப் பேசறாரே, எனக்கென்னமோ மாதிரி இருக்குதுன்னு. ஏண்டி, நான் கத்துனாலும் குத்தம், அவரு கத்தாட்டியும் குத்தமான்னு அவ வாய அடைச்சுப் போட்டேன்.

எங்க பக்கம் கல்யாணத்துல மங்கல வாழ்த்துன்னு பாடுவாங்க, பாத்திருப்பீங்க. அந்த நேரத்துக்கு மேளத்த நிறுத்திருவாங்க. பாடறவரு ஒவ்வொரு அடி முடிக்கறப்பவும் ஒரு தட்டு மட்டும் தட்டுவாங்க. எங்க ஊர்ல அதைப் பாடற பெரியவரு மாரப்பனுக்கு அப்படியொரு கொரலு. இப்ப எடுக்கற வீடியோவுல அதையெல்லாம் நறுக்கித் தூக்கிப்போட்டுட்டு சினிமாப் பாட்ட ஏத்தி உட்டுர்றாங்க. எனக்கு அது ஆகாது. எம்புள்ள கல்யாணத்துல வாழ்த்து ஒரு எழுத்து உடாமக் கேக்கோணும்னு வீடியோக்காரன மொதல்லயே புடிச்சு உலுக்கிட்டேன்.

அவங்கிட்ட சட்டைப் பட்டன் மாதிரி ஒரு மைக்கு இருந்துச்சு. வயரே கெடையாது. மாரப்பன் சட்டையில குத்தலாம்னா அவரு வெறுந் துண்டோட வந்திருக்காரு, நின்ன எடத்துல நிக்கவும் மாட்டாரு. அப்ப நாந்தான் ரோசன சொன்னேன். அவரு மாப்ளைக்குப் பக்கத்துலதான நின்னு பாடுவாரு, மாப்ள மாலைக்குள்ள சொருகி உட்டுருன்னு. சொருகுனாங்க. வாழ்த்து முடிஞ்சும் அத யாரும் கழட்டல. மாப்ளையும் மறந்துட்டாரு, வீடியோக்காரனும் மறந்துட்டான். கல்யாணச் சந்தடியில அது யாருக்கு நெனப்பிருக்கும்.

வாழ்த்துக்கு அப்பறம் கைகோர்வைச் சீருங்க. மாப்ளையும் பொண்ணும் சுண்டு விரலக் கோத்துக்கிட்டு மணவறையச் சுத்தி வருவாங்க. அந்தப் போட்டோ ஒண்ணத்தான் பெருசு பண்ணி, வர்றவங்க உக்கார்ற ஆசாரத்துல மாட்டி வெச்சிருந்தேன். மாப்ள அந்த விரல எப்படிப் புடிச்சிருப்பாருங்கறீங்க, உடவே மாட்டேங்கற மாதிரி புடி. ரெண்டு பேரு மொகத்துலயும் சிரிப்பு. வர்ற ஒறம்பரை சொந்தத்துக்கெல்லாம் அதக் காட்டி, பாருங்க எம்மாப்ள புடிச்ச புடியன்னு பெருமையாச் சொல்லுவேன். துளசிமணி இப்ப அதக் கழட்டி, சாமான் போடற மேல் அட்டாலியில திருப்பிப் போட்டுட்டா.

நான் பயந்த மாதிரியே வீடியோவுல சினிமாப் பாட்டுத்தான் வந்துச்சு. சண்டை கட்டி, எடுத்தது எடுத்தபடி ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வாங்கியாந்தேன். அதக் கொண்டாந்து டிவியில சொருகுனா டிவி வாங்க மாட்டேங்குது. கம்ப்யூட்டர்ல போட்டு, அதுல இருந்து டிவிக்குக் கொண்டு போனாத்தான் ஓடும்னுட்டாங்க. சரி, அதென்ன பெரிய வித்தையான்னு நானே பூட்டிர்றதுன்னு எறங்குனேன். தலை தீவாளிக்கு மாப்ள வர்றப்ப, ஆசாரத்துல எல்லாரையும் உக்கார வெச்சு, மாரப்பன் கொரலு ஊடே அதிர்ற மாதிரி போட்டுக் காட்டோணும். அந்த ஒரே ஆசைதானுங்க எனக்கு.

என்ன பாடு படுத்துச்சு தெரியுமுங்களா. மொதல்ல நோ சிக்னல்னு ஒரு கட்டம் டிவி பூரா மேஞ்சுக்கிட்டே இருக்கும். அது போச்சுன்னா படம் வரும், எல்லாருக்கும் நெத்தியோட வெட்டிரும். அதையும் சரி பண்ணுனேன். சத்தம் மட்டும் வரலைங்க. படம் போற வயர்லயே சத்தமும் போகும்ங்கறாங்க, எனக்கு மட்டும் போகல. ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் டிவிக்குப் பின்னாலயே குப்புறக் கெடந்தேன்.

புள்ள போன் பண்றதெல்லாம் அந்த நேரத்துலதான். அதுக்கு ஒரு பழக்கம், அம்மாவுக்குப் பண்ணாது, எனக்குத்தான் பண்ணும். எடுத்தா, அப்பா உங்ககிட்டக் கொஞ்சம் பேசோணுங்கும். ஒரு கையில வயரு, ஒரு கையில ஸ்குரூடிரைவரு, நான் என்னத்தப் பேசறது. அம்மாகிட்டச் சொல்லு கண்ணும்பேன். அப்பறம் பேசறேன்னு வெச்சுரும்.

ஆடிக்குக் கூட்டியாந்தப்ப நல்லா ஞாபகம் இருக்குதுங்க. டார்ச் புடிக்க ஆளில்லைன்னு புள்ளையத்தான் கூப்புட்டேன். டிவிக்குப் பின்னால எம்பக்கத்துல குத்த வெச்சு உக்காந்துக்கிட்டு, அப்பா, எனக்கு அங்க இருக்கப் புடிக்கலைங்கப்பான்னுச்சு. புது ஊடு, அப்படித்தான் இருக்கும், லைட்ட நேராப் புடி கண்ணுன்னேன். எங்க நேராப் புடிக்குது. வெளிச்சம் ஆடுது, ஆடுது, ஆடிக்கிட்டே இருக்குது. பின்னு எது, ஓட்டை எதுன்னு தெரியல எனக்கு. பன்னண்டு வரைக்கும் படிச்ச புள்ளைக்கு, அதுக்கு மேல காலேஜும் முடிச்ச புள்ளைக்கு, ஒரு டார்ச்சு நேராப் புடிக்கத் தெரியாதான்னு சத்தம் போட்டேன். டார்ச்ச அங்கயே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறும இல்லீங்க.

ஒரு நிமிசம். போன் அடிக்குது.

சம்மந்தி. எடுக்க மாட்டேனுங்க. காத்தால இருந்து மூச்சு உடாமப் பண்றாரு. வக்கீலம்மா எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அங்க பாருங்க, எம்புள்ளையும் போனையே பாத்துக்கிட்டு இருக்குது. அதுக்கு யாரு பண்றாங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன். ஆமா, தீவாளி நோம்பி. மொத நாளே மாப்ளையும் புள்ளையும் வந்துட்டாங்க. புள்ளைக்குச் சுண்டு விரல்ல துணி சுத்தியிருந்துச்சு. என்ன கண்ணுன்னேன், கதவுல நசுங்கிருச்சுன்னுச்சு. அடுத்த தடவ வர்றப்ப அந்தக் கதவுக்கு ரப்பர் வெச்சுத் தர்றன்னு மாப்ளைகிட்டச் சொன்னேன். சரிங்க மாமான்னாரு. ஒரு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு, அதான் சொன்னனுங்களே. புள்ளையக்கூட அவரு பேரு சொல்லிக் கூப்புட்டு நான் பாத்ததில்ல. ஒரு பார்வைதான். சாப்புட்டுக்கிட்டு இருக்கற புள்ள தட்ட அப்படியே உட்டுட்டு எந்திரிச்சு வந்துரும். எங்கூட்டுக்காரி இத்தன வருசத்துல நான் கூப்புட்டதுக்கு ஒரு தடவ அப்படி வந்திருப்பாளா. மாப்ள எப்படிப் பழக்கி வெச்சிருக்காரு பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

நோம்பியன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சு, புதுத் துணி உடுத்தி, பலகாரம் சாப்புட்டு, மாப்ள ஆசாரத்துல வந்து உக்காந்தாரு. மத்தியானச் சாப்பாடு ஆன ஒடனே கெளம்போணும்னு வந்தப்பவே சொல்லிட்டாரு. புள்ள எங்கிட்ட வந்து, அப்பா, நான் கொஞ்ச நாளு இங்க இருக்கறன்னு நீங்க சொல்லுங்கப்பான்னு முந்தானையப் போட்டு முறுக்கிக்கிட்டு நிக்குது. இதுக்குப் போயி நான் எதுக்கு, உங்கூட்டுக்காரருகிட்ட நீயே கேட்டுக்க, மொதல்ல எல்லாரும் வந்து உக்காருங்க, படம் ஓட்டப் போறன்னேன். எனக்குப் பதட்டம் பதட்டமா வருதுங்க. கெளம்பறதுக்குள்ள போட்டுக் காட்டலைன்னா இத்தன மாசம் பட்ட பாடும் வீணு.

போட்டேன். படம் வந்துச்சு. பெருசா, பளிச்சுன்னு, மணவறைப் பூவுல இருக்கற தண்ணிகூடத் தெரியுது. சத்தம் இல்ல. மாரப்பன் வாயத் தொறக்கறாரு, மூடறாரு. ஊமப் படமா ஓடுது. மாப்ள உக்காந்த எடத்துல இருந்தே, மாமா, அது உள்ள செட்டிங்ஸ்ல ஒண்ண மாத்தோணும், நான் பண்ணட்டுமான்னு எந்திரிச்சாரு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. தலை தீவாளிக்கு வந்த மாப்ளைய டிவிக்குப் பின்னால குனிய உட்டா ஊரு என்ன பேசும். நீங்க தொடவே கூடாது மாப்ள, உக்காருங்க, கைய வெச்சீங்கன்னா எனக்குத்தான் மரியாதைக் கொறைவுன்னு அவரப் புடிச்சு உக்கார வெச்சுட்டேன். அன்னிக்கு அவரு கைய வெச்சிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்னு அப்பறந்தான் சொன்னாங்க. முடிஞ்சிருக்கும், ஆமா.

நான் என்ன பண்ணுனேன்னா, படம் போற வயரு படத்தக் கொண்டு போகட்டும், சத்தத்துக்குத் தனி வயரு போட்டுக்கலாம்னு, பழைய டேப்ரிக்கார்டர் காலத்து ஆம்ப்ளிபயர எறக்குனேன். அதுக்கு ஒரு வயரு. இந்தா, இதுதான் அந்த வயரு. இந்தத் தலப்பு கம்ப்யூட்டருக்கு. அந்தத் தலப்புல ரெண்டு பின்னு இருக்குது பாருங்க, வெள்ளை எடது பக்க ஸ்பீக்கருக்கு, செவப்பு வலது பக்கத்துக்கு. சொருகறப்ப வெள்ளைப் பின்னுக்கிட்ட ஒரு இழு இழுத்துட்டேன் போலிருக்குது. உள்ள அறுந்து போச்சு. எனக்கு அது தெரியல. ஓடிக்கிட்டு இருந்த படத்துல வாழ்த்தெல்லாம் தாண்டி கைகோர்வை வந்துருச்சு. நான் செவப்பையும் சொருகுனேன். சத்தத்த முழுசாத் தூக்கி வெச்சிருந்தேன்.

மேளம் எங்கியோ பக்கத்து ஊர்ல அடிக்கற மாதிரி மெல்லமாக் கேக்குது. வலது பக்க ஸ்பீக்கர்ல மட்டும் யாரோ காதுக்குள்ள பேசற மாதிரி பேச்சு. எம்புள்ள கொரலுங்க.

"விரலு ஒடிஞ்சிருமுங்க. விடுங்க."

அதுக்கு அந்த மெல்லக் கொரலு சொல்லுச்சு.

"சிரிச்சுக்கிட்டே நட. யாரப் பாத்துப் பல்லக் காட்டுனயோ, அத ஊட்டுக்குப் போயி பேசிக்கறேன். இப்பச் சிரி."

டிவியில பாத்தா ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

பொய்யி சொல்லக்கூடாதுங்க, எனக்கு மொதல்ல சத்தம் வந்த சந்தோசந்தான். வந்துருச்சு, வந்துருச்சுன்னு டிவிக்குப் பின்னால இருந்து எந்திரிச்சேன். பாத்தா யாரும் என்னையப் பாக்கல. துளசிமணி வடைத் தட்டோட நின்னவ நின்னபடியே நிக்கறா. புள்ள தரையப் பாத்துக்கிட்டு இருக்குது. மாப்ள மட்டும் சிரிச்சாரு. அது சும்மா வெளையாட்டுக்குப் பேசுனது மாமா, நிறுத்துங்கன்னாரு.

நான் நிறுத்தலைங்க. கோளாறு எங்கன்னு பாக்கோணுமல்ல. பின்னால ஓட்டி மறுபடி போட்டேன். விரலு ஒடிஞ்சிருமுங்கன்னுச்சு. இன்னொரு தடவ போட்டேன். சிரிச்சுக்கிட்டே நடன்னுச்சு. மாமா, நிறுத்துங்கன்னு சொல்றனல்லன்னாரு மாப்ள. அப்பத்தானுங்க அவரு சத்தமாப் பேசி நான் கேக்கறது. அது வரைக்கும் கேட்டதேயில்ல. மறுபடி போட்டேன். அந்த நேரம் எங்கண்ணு எப்படியோ புள்ள கைமேல போச்சு. துணி சுத்துன விரல சேலைக்குள்ள மறைச்சு மறைச்சு வெச்சுக்கிட்டு இருக்குது. டிவியிலயும் அதே கை, அதே விரலு.

மாப்ள எந்திரிச்சாரு. புள்ளையப் பாத்தாரு. "கெளம்பு"ன்னாரு.

புள்ள எந்திரிச்சுருச்சுங்க. வாசல் பக்கம் போன புள்ள என்ன நெனச்சுதோ, திரும்பி என்னையப் பாத்துக் கேட்டுச்சு.

"நாலு மாசமா நானும் இதத்தானப்பா சொல்லிக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர்ல வந்தாத்தான் உங்களுக்குக் கேக்குமா?"

இதென்ன கேள்விங்க? ஸ்பீக்கர் இல்லாம சத்தம் எப்படிங்க கேக்கும்? அன்னிக்கு இருந்து யோசிச்சுப் பாக்கறேன், எனக்கு வெளங்கவே இல்ல. துளசிமணி இத வக்கீலம்மாகிட்டச் சொன்னப்ப, அந்தம்மா பேனாவ வெச்சுட்டு என்னையப் பாத்தாங்க.

அப்பறமா? அப்பறம் நான் வாசக்கதவுக்கிட்ட போயி நின்னேன். கையில இந்த வயரு இருக்குது. புள்ள இருக்கட்டும் மாப்ள, நீங்க போயிட்டு வாங்கன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. நான் கதவ உட்டு நகரலைங்க. நீங்க வேற மாதிரி நெனச்சுக்காதீங்க. படம் இன்னும் பாதிகூட ஓடலையே, பாதியில எந்திரிச்சுப் போனா எப்படின்னுதான் சொன்னேன். அவரு கார எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. புள்ள அன்னிக்குச் சாப்புடாமத் தூங்குச்சு. அடிச்சுப் போட்டாப்பல ஒரு தூக்கம்.

அடுத்த நாள்ல இருந்து சம்மந்தி போனு. கம்ப்யூட்டர்ல இன்னிக்கு யாரு கொரல வேணாலும் செய்யலாமாம், நான் வேலையத்துப் போயி மாசக்கணக்கா உக்காந்து அதச் செஞ்சனாம். எம்பங்காளிங்களும் வந்தாங்க. ஒரு விரலுக்காகவா புள்ளைய ஊட்ல வெச்சுக்கறதுன்னு பெரியண்ணன் கேட்டாரு. அவர ஸ்பீக்கருக்குப் பக்கத்துல உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுனேன். காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு. அனுப்பி உடுன்னும் சொல்லல, வெச்சுக்கன்னும் சொல்லல.

நான் தெனமும் போட்டுக் கேக்கறனுங்க. வயரு நல்லா இருக்குதான்னு பாக்கறதுக்குத்தான். நான் போட்ட ஒடனே புள்ள எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிரும். இன்னும் எத்தன தடவ கேப்பீங்கன்னு துளசிமணி ஒரு நாளு அழுதா. அழறதுக்கு என்ன இருக்குது, மிசினு ஓடுதான்னு பாக்க வேண்டாமா.

நடுவுல ஒரு தப்பு நடந்து போச்சுங்க. அறுந்த வயரப் பாத்தா எங்கை சும்மா இருக்காது. ஒரு பின்னு வேல செய்யலையேன்னு கடைக்குப் போயி புது வயரு வாங்கியாந்து மாட்டுனேன். ரெண்டு ஸ்பீக்கர்லயும் சத்தம் வந்துச்சு. மேளமா வந்துச்சு. நாயனமும் தவிலும் காதக் கிழிக்குது. புள்ள கொரலக் காணோம். மாப்ள கொரலையும் காணோம். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு மணவறையச் சுத்தறாங்க. முன்னால போட்டேன், பின்னால போட்டேன், ஒண்ணுமே இல்லீங்க. அப்ப நான் கேட்டது பொய்யா, சம்மந்தி சொன்னதுதான் நெசமான்னு எனக்கே கண்ணக் கட்டிருச்சு.

பழைய வயரு எங்கடின்னு கத்துனேன். குப்பையில போட்டுட்டேன்னா துளசிமணி. குப்பமேட்டுக்கு ஓடி, முட்டுக் குத்தி உக்காந்து, சாம்பலையும் வாழ எலையையும் ரெண்டு கையாலயும் வழிச்சு எறிஞ்சு தேடுனேன். பக்கத்தூட்டு ஆளுங்க எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. கெடைச்சுது. ஓடி வந்து மாட்டுனேன். விரலு ஒடிஞ்சிருமுங்கன்னு சொல்லுச்சு. அங்கயே தரையில உக்காந்துட்டேன். அதக் கேட்டு சந்தோசப்பட்ட அப்பன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

வீடியோக்காரன்தான் அப்பறம் வெளக்கிச் சொன்னான். கேமராவுல புடிச்ச சத்தம் எடது பக்கம் வருமாம், மாலைக்குள்ள இருந்த மைக்குச் சத்தம் வலது பக்கம் வருமாம். ரெண்டும் சேந்து வந்தா மேளம் அமுக்கிரும். எடது பக்கம் அறுந்ததுனாலதான் வலது பக்கம் தனியாக் கேட்டிருக்குது. நான் அந்தப் பக்கத்த மட்டும் தனியாப் பிரிச்சு பென் டிரைவ்ல போட்டுத் தர்றனுங்க, இத எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையறீங்கன்னான். வேண்டாம்னுட்டேன். பிரிச்சுப் போட்டா, அப்பறம் அதையும் நான் செஞ்சதும்பாங்க. எதுல கேட்டனோ அதுலயே அவங்களும் கேக்கட்டும். வக்கீலம்மா ஆபீஸ் சுவத்துல டிவி ஒண்ணு இருக்குது, போன தடவையே பின்னால எட்டி ஓட்டையெல்லாம் பாத்துட்டு வந்துட்டேன். சம்மந்தி, மாப்ள, எல்லாரையும் வலது பக்கம் உக்கார வைக்கோணும். இந்த வயரு மட்டும் அது வரைக்கும் தாங்கோணும். செவப்புப் பின்னும் இப்பக் கொஞ்சம் ஆடுது. என் சர்வீசுல இப்படியொரு வயர நான் கையில தொட்டிருக்க மாட்டேன், வெட்டி வீசியிருப்பேன்.

சித்தோடு தாண்டிட்டமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். வக்கீலம்மா சொல்றாங்க, இத எத்தன தடவ போட்டுக் கேட்டாலும் கடைசியில புள்ள வாயால சொல்றதுதான் கணக்காம். அவங்க எல்லாரையும் எதுக்க வெச்சுக்கிட்டு, நான் போக மாட்டேன்னு அது சொல்லோணும். அது சொல்லுமாங்கறதுதான் எனக்குத் தெரியலைங்க. காத்தால இருந்து யாருகூடவும் பேசல. மாப்ளையோட அந்தப் பார்வையப் பாத்தா மறுபடி எந்திரிச்சுப் பின்னால போயிருமோன்னு பயமா இருக்குது. அதுக்குத்தான் இந்தப் பொட்டி. புள்ள சொல்லாட்டியும் இது சொல்லிரும்.

அங்க பாருங்க. புள்ள திரும்பிப் பாக்குது.

என்னையத்தான். போனக் காதுல வெச்சிருக்குது பாருங்க. எடுத்துருச்சு. எடுக்காத கண்ணுன்னு எத்தன தடவ சொன்னேன். வாய அசைக்குது, ஒண்ணும் கேக்கலைங்க. உங்களுக்குக் கேக்குதா? இந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்க யாராவது. அப்பாங்குது. அது மட்டும் தெரியுது. அப்பறம் என்னமோ சொல்லுது. எங்கூட்டுக்காரி கையக் காட்டறா, இருங்கங்கறாளா, வாங்கங்கறாளா, அதுவும் வெளங்கல.

சார், இதக் கொஞ்சம் மடியில வாங்கிக்கங்க. கனமாத்தான் இருக்கும். ஆமா, குலுங்கும், குலுங்கட்டும். இந்தாங்க, வயரும் உங்ககிட்டயே இருக்கட்டும். கழண்டா கழண்டுட்டுப் போகுதுங்க. புள்ள எங்கிட்ட என்னமோ சொல்லுது, இங்க உக்காந்தா எனக்குக் கேக்க மாட்டேங்குது. கிட்டப் போயி என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேன்.